வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை: காத்திருக்கும் மூன்று வாரமும் வீடு திரும்பிய பிறகும்

வாசகர் கேள்வி

என் அப்பாவுக்கு வயது 64, எடை 55 கிலோ. நிலாவெளியில் வெங்காயத் தோட்டம் செய்கிறார். சில மாதங்களாகச் சோர்வும் இளைப்பும் இருந்ததால் திருகோணமலை வைத்தியசாலையில் காட்டினோம். ஹீமோகுளோபின் 8.6 என்றும், பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி இருப்பதாகவும் தெரியவந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கண்டியில் வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யத் திகதி தந்திருக்கிறார்கள். அப்பா நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின், குருதி அழுத்தத்துக்கு லொசார்ட்டன், அதோடு அஸ்பிரினும் எடுக்கிறார். நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி குடிக்கிறார். அதுவரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகு நாற்பது நாள் அசையாமல் படுக்க வேண்டும், கஞ்சி மட்டுமே கொடுக்க வேண்டும், மீனும் முட்டையும் கிரந்தி என்று உறவினர்கள் சொல்வது சரியா? அவர் எப்போது தோட்டத்துக்குப் போகலாம்?

பதில்
(சத்திரசிகிச்சை விடுதியில் பணியாற்றும் தாதிய உத்தியோகத்தர்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவிலுள்ளதற்கே முதலில் பதில் எழுதுகிறேன். மற்ற இரண்டும் அதைப் பொறுத்தே இருக்கின்றன. உறவினர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அப்படியே செய்தால் அப்பாவுக்குத் தீங்குதான் வரும். படுத்தே கிடப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. அங்கே சளி தேங்கி நிமோனியா வரலாம். கால் நாளங்களில் குருதி ஓட்டம் மந்தமாகி உறைகட்டி உண்டாகலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தொடைத் தசையும் சில நாட்களிலேயே கரையத் தொடங்கும். கஞ்சியோ வெறும் மாச்சத்து. கட்டியுள்ள பகுதியை எடுத்துவிட்டு இணைத்த குடலும், வெட்டிய தோலும் ஒட்டி வளர்வதற்கு வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு. 1990களில் டென்மார்க்கின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட், நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவிடுவது, விரைவில் சாப்பிடவிடுவது, வலியை நன்றாகக் கட்டுப்படுத்துவது, தேவையற்ற குழாய்களைத் தவிர்ப்பது ஆகியவற்றை ஒன்றுசேர்த்துச் செய்து பார்த்தார். அவ்வாறு கவனிக்கப்பட்டவர்கள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், சிக்கல்களும் குறைந்தன. இன்று உலகெங்கும் பெருங்குடல் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பு அந்த வழியிலேயே நடக்கிறது. ஆகவே அப்பா நடக்க வேண்டும், நன்றாகச் சாப்பிடவும் வேண்டும். பாரம் தூக்குவது ஒன்றுதான் அவருக்கு விலக்கு.

இனி, கையில் இருக்கும் மூன்று வாரத்துக்கு வருவோம். இதைக் காத்திருக்கும் காலமாக நினைக்காமல் சிகிச்சையின் முதற்பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் நிறுத்தியிருந்தால் பலன் தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று வாரம்தானே இருக்கிறது என்று கைவிட்டுவிடாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு ஓரிரு நாளிலேயே குருதியிலிருந்து நீங்கிவிடும்; ஹீமோகுளோபின் 8.6 ஆக இருப்பவருக்கு, இருக்கும் குருதியாவது முழுதாக ஒட்சிசனைச் சுமப்பது பெரிய காரியம். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்பு நிறுத்தினால் சளி கூடிக் கெடுதி வரும் என்று முன்பு ஓர் அச்சம் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அப்பாவோடு சேர்ந்து பீடி குடிக்கும் நண்பர்களிடமும் இதைச் சொல்லி, அவர் முன்னால் பற்ற வைக்காதிருக்குமாறு கேளுங்கள். வீட்டார் சொல்வதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் மதுவைப் பற்றி எதுவும் இல்லை. அப்பாவுக்கு அந்தப் பழக்கமே இல்லாமலிருக்கலாம். தினமும் மாலையில் சாராயமோ கள்ளோ எடுப்பவராக இருந்தால், அதை மயக்க மருந்து நிபுணரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தினசரி குடிப்பவர் வைத்தியசாலைக் கட்டிலில் திடீரென்று மது இல்லாமல் கிடக்கும்போது, முதல் மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், மனக்குழப்பம், வலிப்புக்கூட வரலாம். குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு எழும்பப் பார்ப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அதைத் தடுக்க மருந்துகள் உண்டு. வெட்கத்தால் மறைக்கும் குடும்பங்களே அதிகம். வைத்தியரோ தாதியரோ இதைக் கேட்டு யாரையும் குறைவாக நினைப்பதில்லை.

அடுத்தது குருதிச்சோகை. வலப்பக்கப் பெருங்குடலில் உள்ள கட்டி கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாகக் குருதியைக் கசியவிடும். அப்பாவின் சோர்வுக்கும் இளைப்புக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இரும்புச்சத்து மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறப் பல வாரங்கள் செல்லும். கட்டி தொடர்ந்து கசிந்துகொண்டும் இருப்பதால், மூன்று வாரத்தில் மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். எனவே இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், நாளத்தின் வழியாக இரும்புச்சத்து ஏற்ற முடியுமா என்று நேராகக் கேளுங்கள். அனுமதிக்கும் நாள் வரை இதைத் தள்ளிப்போட்டால், குருதி ஏற்றுவது ஒன்றே வழியாகிவிடும். மாத்திரை தந்திருந்தால் அதை எலுமிச்சம்பழச் சாற்றுடன் எடுக்கலாம்; தேநீருடன் எடுக்கக்கூடாது. தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்பதால், மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் பிளேன்டீயோ பால்தேநீரோ வேண்டாம். மாத்திரை எடுக்கும்போது மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு போய்த் தலைச்சுற்றும் வந்தாலோ, சிவப்பாகக் குருதி போனாலோ, வயிறு ஊதிக் காற்றும் பிரியாமல் வாந்தி வந்தாலோ, கண்டித் திகதிக்குக் காத்திராமல் உடனே திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கடைசியாகச் சொன்னது குடல் அடைபட்டதன் அறிகுறி.

மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். மெட்ஃபோர்மினைப் பொதுவாகச் சத்திரசிகிச்சை நாளன்று கொடுப்பதில்லை. லொசார்ட்டனை முதல்நாளே நிறுத்தச் சொல்லும் நிபுணர்கள் பலர். அஸ்பிரின் எதற்காகத் தரப்பட்டது என்பதைப் பொறுத்தே முடிவாகும்: மாரடைப்போ பக்கவாதமோ வந்ததற்காகவா, இருதய நாளத்தில் ஸ்டென்ட் (நாளத்தை விரித்து வைக்கும் சிறு குழாய்) வைத்ததற்காகவா, அல்லது எப்போதோ யாரோ ஆரம்பித்துத் தொடர்ந்து வருகிறதா என்று கிளினிக் கொப்பியைப் பார்த்து அறிந்து வையுங்கள். நாட்டு வைத்தியரிடம் வாங்கிய குளிகை, கஷாயம் எதுவாயினும் அதையும் சொல்லுங்கள். எல்லா மருந்துகளையும் உறையோடு ஒரே பையில் போட்டுக் கண்டிக்குக் கொண்டு போவது, பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட நம்பகமானது. கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்யப்படாதிருந்தால் அதையும் கேளுங்கள். சீனி கட்டுப்பாடின்றி இருந்தால் காயம் பழுதடையும் வாய்ப்புக் கூடும்.

தோட்ட வேலை செய்பவருக்கு நடை எதற்கு என்று அப்பா கேட்கலாம். குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும் இடைவிடாமல் நடப்பதும் ஒன்றல்ல. கச்சான் காற்று எழும்புவதற்கு முந்திய காலைக் குளிர்ச்சியில், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம் நடக்கட்டும். நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ நின்றுவிட வேண்டும், குருதி குறைந்திருக்கும் உடம்பை விரட்டக்கூடாது. காலையும் மாலையும் கதிரையின் கையைப் பிடிக்காமல் பத்துத் தடவை எழுந்து இருப்பது தொடைக்கு நல்லது. பிறகு கட்டிலிலிருந்து அவரை எழுப்பப் போவது அந்தத் தசைகள்தான். மூச்சுப் பயிற்சியையும் இப்போதே பழக்குங்கள்: மூக்கால் ஆழமாக இழுத்து, மூன்று விநாடி நிறுத்தி, வாயால் மெதுவாக விடுவது. வலி வந்த பிறகு இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கடினம்.

பட்டினி இருப்பது பற்றி ஒரு சொல். திடவுணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த பானங்களை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பது இன்றைய பொதுவிதி. பிளேன்டீ தெளிந்த பானம். பால்தேநீர் உணவாகவே கணக்கிடப்படும். ஆனால் அப்பாவுக்கு எந்த நேரம் என்பதை மயக்க மருந்து நிபுணரே சொல்வார். முதல்நாள் இரவே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள், ஏனெனில் நீரிழிவு உள்ளவர் தேவைக்கு மேல் பட்டினி கிடப்பது நல்லதல்ல.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே அவரைக் கதிரையில் இருத்துவார்கள், பின்னர் கட்டிலைச் சுற்றி நடக்கச் சொல்வார்கள். தாதியர் இரக்கமில்லாமல் எழுப்புகிறார்கள் என்று அப்போது உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து அவர்களைத் தடுக்காதீர்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு விடக்கூடும். புறப்படுவதற்கு முன் டயக்னோசிஸ் காட்டை (நோய் விவர அட்டை) பெற்று, அதில் செய்த சத்திரசிகிச்சை, தரும் மருந்துகள், தையல் வெட்டும் நாள், கிளினிக் திகதி நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தையலைப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாளில் வெட்டுவார்கள். திருகோணமலையிலேயே வெட்டலாமா என்று கேட்டால் ஒரு பயணம் மிச்சம். புற்றுநோய்க்கான பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, குருதி உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசியை 28 நாள் வரை தொடரச் சொல்வது உண்டு. அப்பாவுக்கு அது வேண்டுமா, வேண்டுமென்றால் வீட்டில் யார் போடுவது என்பதையும் அங்கேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம். வாகனத்தின் முன் ஆசனத்தில் இருத்தி, இருக்கைப் பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையில் மடித்த துவாயை வைத்து, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நிறுத்தி ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். ஆசனத்தில் இருக்கும்போதும் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வர வேண்டும்.

வீட்டில் பாயை எடுத்து வைத்துவிட்டுக் கட்டில் போடுங்கள். தரையிலிருந்து எழும்புவது தையல் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றும். குந்தியிருக்கும் கழிப்பறையாக இருந்தால், மேலே வைக்கும் கொமட் கதிரை ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள். கட்டிலிலிருந்து எழும்பும் முறை முக்கியமானது, அதனால் விரித்தே எழுதுகிறேன். நேராக நிமிர்ந்து எழும்பக்கூடாது. கையைப் பிடித்து யாரும் இழுக்கவும் கூடாது. மல்லாந்து கிடந்தபடி முதலில் இரண்டு முழங்கால்களையும் மடிக்க வேண்டும். பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி கட்டிலின் ஓரப் பக்கமாகச் சரிய வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழ்ப்பக்க முழங்கையாலும் மற்றக் கையின் உள்ளங்கையாலும் மெத்தையை ஊன்றி எழுந்து இருக்க வேண்டும். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே எழும்ப வேண்டும். இருந்த பிறகு ஒரு நிமிடம் தாமதித்துத் தலைச்சுற்று இல்லையென்றால் நிற்கலாம். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இருமல் வரும்போது அடக்காமல், ஒரு சிறிய தலையணையைக் காயத்தின் மேல் இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமட்டும். அந்தத் தலையணை முதல் இரண்டு வாரமும் அவருக்கு எட்டும் இடத்தில் கிடக்க வேண்டும்.

வலி இருந்தால் ஆழமாக மூச்சு விடவும் மாட்டார், நடக்கவும் மாட்டார். ஆகவே வலியைப் பொறுத்துக்கொள்வது நல்லது என்று எண்ணாமல், முதல் சில நாட்கள் பனடோலை நேரம் தவறாமல் கொடுங்கள்: 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளில் எட்டுக்கு மேல் இல்லை. எடை 50 கிலோவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும், வைத்தியரிடம் கேளுங்கள். பரசிற்றமோல் வேறு பெயரிலும் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாமல் கவனியுங்கள். டைக்குளோஃபெனக் போன்றவற்றைப் பாமசியில் கேட்டு வாங்கவே வேண்டாம். குடல் ஒட்டிய இடத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை கெடுதி செய்யலாம்.

உணவுக்கு வருகிறேன். அப்பாவின் எடைக்கு நாளொன்றுக்கு 66 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், சமைத்த மீன் 200 கிராமில் ஏறத்தாழ 40, ஒரு கோப்பைப் பருப்பில் 15, ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம் கிடைக்கும். நான்கையும் சேர்த்தால் கணக்குச் சரிவரும். இதை மூன்று வேளையில் உண்ண முடியாது, ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள். காலையில் இடியப்பமும் முட்டையும் சொதியும், பத்து மணிக்குச் சீனி போடாத பால், மதியம் குழைந்த வெள்ளைச் சோற்றுடன் பருப்பும் முள் நீக்கிய விளைமீனோ பாரையோ, மாலையில் சிறிது தயிர், இரவு மீண்டும் மீன் என்று போகலாம். உறைப்பைக் குறையுங்கள், பொரியலைத் தவிருங்கள். கஞ்சி கொடுப்பதானால் பாசிப்பயறோ கோழியிறைச்சியோ சேர்த்துக் காய்ச்சுங்கள். முதல் மூன்று நான்கு வாரம் குத்தரிசி, கீரை, முருங்கைக்காய், தோலோடு பழங்கள் போன்ற நார் மிகுந்தவற்றைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மீனும் முட்டையும் காயத்தைப் பழுதாக்குவதில்லை; முன்பு ஒவ்வாமை இருந்ததென்றால் மட்டும் அந்த உணவைத் தவிருங்கள். காயத்தைப் பழுதாக்குவது கிருமியும், கட்டுப்படாத சீனியும், மீண்டும் தொடங்கிய பீடியும்தான்.

வலப்பக்கக் குடலை எடுத்தவர்களுக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், மலம் இளகிப் போகும். தண்ணீரை உறிஞ்சும் பகுதியில் ஒரு பங்கு குறைந்துவிட்டதால் அப்படி ஆகிறது. படிப்படியாகக் குறையும். நான்கைந்து தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல் பொடி) கரைத்துக் கொடுத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

காயத்தில் மஞ்சள், தேங்காயெண்ணெய், தைலம் எதையும் பூச வேண்டாம். குளிப்பதற்கு வைத்தியசாலையில் சரி சொன்ன பிறகு சுத்தமான தண்ணீரை மேலிருந்து ஊற்றிக் குளிக்கலாம். காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். கடலில் இறங்குவதும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவதும் காயம் முழுவதுமாக மூடி, கிளினிக்கில் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான்.

முதல் இரண்டு வாரத்தில் நான் மிகவும் அஞ்சுவது, குடலை ஒட்டிய இடம் கசிவதுதான். நேற்றுவரை தேறி வந்தவர் இன்று சாப்பிட மறுத்து, வயிறு ஊதி, வலி கூடி, காய்ச்சலோ நடுக்கமோ கண்டு, நாடி வேகமாக அடித்தால் அது கசிவாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் அது வரும். "ஏதோ சரியில்லை" என்று வீட்டார் உணர்வதைக்கூட நாங்கள் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறோம். ஒரு காலில் மட்டும் கெண்டைப் பகுதி வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும், நெஞ்சு குத்தினாலும், ஓயாமல் வாந்தி வந்தாலும், காயத்திலிருந்து திரவம் திடீரென்று பெருகினாலும் அவையும் ஆபத்தான அறிகுறிகளே. காலை விடியட்டும் என்று பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துத் திருகோணமலை வைத்தியசாலைக்கே கொண்டு போங்கள், டயக்னோசிஸ் காட்டை மறக்காதீர்கள். கண்டியில் செய்தது, கண்டிக்கே போக வேண்டும் என்று எண்ணி நேரத்தை இழக்க வேண்டாம். காயத்தின் ஓரம் சிவந்து சூடாகிச் சீழ் வந்தால் அன்றே காட்டினால் போதும்.

பார்க்க வருபவர்கள் வரட்டும். ஆனால் தடிமன், இருமல் உள்ளவர்கள் வேறு நாளில் வரலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அப்பா சொல்ல மாட்டார். மூன்றாம் நான்காம் வாரத்தில் அவர் பேசாமல் இருப்பதும், சிறு விடயத்துக்குக் கண் கலங்குவதும் நடக்கக்கூடும். உடல் களைப்பும் நோயைப் பற்றிய பயமும் சேர்ந்து வருவது அது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கு எப்போது? வீட்டுக்கு வந்த முதல் வாரமே முற்றத்தில் நாலைந்து தடவை நடக்கலாம், இரண்டாம் வாரத்தில் ஒழுங்கை முனை வரை, பிறகு தோட்டம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். ஆனால் ஆறு வாரத்துக்கு நாலு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. கிணற்றில் அள்ளும் நிறைந்த வாளி பத்துக் கிலோ. நீரிறைக்கும் மோட்டரை இழுத்து ஸ்டார்ட் செய்வதும் அதே அளவுக்கு வயிற்றுத் தசையை இழுக்கும். மோட்டார் சைக்கிளும் அதுவரை வேண்டாம். வெளித்தோல் ஆறிய பிறகும் உள்ளே வயிற்றுச் சுவர் முழுப் பலம் பெற மாதங்கள் செல்லும். அதற்குள் பாரம் தூக்கினால் தையல் இடத்தில் குடலிறக்கம் (குடல் வெளியே பிதுங்குவது) வரலாம், அதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு சிறு வேலைகளைத் தொடங்கலாம். மண்வெட்டி பிடிப்பதற்கும் வெங்காய மூட்டை தூக்குவதற்கும் குறைந்தது மூன்று மாதம் பொறுத்து, சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டு இறங்குவதே என் ஆலோசனை. இடையில் எடுத்த கட்டியின் ஆய்வறிக்கை வரும். குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களாவது பார்க்கப்பட்டிருக்கின்றனவா, அவற்றில் நோய் இருக்கிறதா என்று கேளுங்கள். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையும் (கீமோதெரபி) வேண்டும் என்றால், அதை எட்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கப் பார்ப்பார்கள். அதற்கு அவர் அந்நேரம் எடை குறையாமல், நடமாடிக்கொண்டு இருக்க வேண்டும். எனவே இந்தப் போகத்துத் தோட்டத்தைப் பார்க்க இப்போதே ஓர் ஆளை ஒழுங்கு செய்துவிடுங்கள். அது உறுதியானால் அப்பாவும் கண்டிக்குப் போக மனம் ஒப்புவார்.